சோத்துக்கை எது என்று பிள்ளையே சொல்லட்டும்

நானுஓயாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் முன்பள்ளியிலும் ஆரம்ப வகுப்புகளிலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



விஜயதசமி காலையில் நீங்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பீர்கள். எந்தக் கை என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை இடது கையை நீட்டினால் பக்கத்தில் நிற்கும் பாட்டி அதை மெல்லத் தட்டிவிட்டு, "சோத்துக்கையக் குடு சாமி" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், பிள்ளை கையை மாற்றிக் கொடுத்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

சில பிள்ளைகளுக்கு முடிவதில்லை. முதுகின் அடியில் ஒரு தழும்பு, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் கடலைப்பருப்பு அளவில் ஒரு மேடு, இவற்றோடு உங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பற்றியது இந்த மடல். அவர்களின் கிளினிக் கொப்பியில் ஸ்பைனா பிஃபிடா என்று எழுதியிருக்கும். முள்ளந்தண்டுப் பிளவு என்று தமிழில் சொல்கிறார்கள். கூடவே ஹைட்ரோசெபலஸ் என்ற சொல்லும் இருக்கும், அதாவது மூளையில் நீர் தேங்குவது.

முதலில் தாயின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடலாம். முதுகுத் தண்டாக மாற வேண்டிய நரம்புக்குழாய் கரு உருவான முதல் 28 நாட்களுக்குள் மூடிவிட வேண்டும். ஓரிடத்தில் மூடாமல் விட்டால் வருவதுதான் இந்தப் பிளவு. அந்த நாட்களில் பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே தெரிந்திருக்காது. ஆகவே "கிரகணத்துல வெளிய போயிருப்பா", "மலையில சறுக்கி விழுந்திருப்பா" என்று லயத்தில் கிளம்பும் பேச்சு பள்ளிக்கூட வாசலுக்குள் நுழையக் கூடாது. ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தாய், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக்கமிலம் எடுத்தால் மறுபடியும் அப்படி நேரும் வாய்ப்பு 72 வீதம் குறைகிறது என்பதை 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் பரிசோதனை காட்டியது. புதிதாக மணம் முடித்தவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுப்பது மிட்வைஃப் மிஸ்ஸின் பொறுப்பு. பிள்ளை ஐந்து வயதாகிப் பென்சிலைக் கையில் எடுக்கும்போது உங்கள் பொறுப்பு தொடங்குகிறது.

எந்தக் கையில் எடுக்கிறது என்பதுதான் கேள்வி.

உலகில் எங்கு எடுத்தாலும் நூறு பேரில் சுமார் 10 பேர் இடக்கைக்காரர். முள்ளந்தண்டுப் பிளவும் மூளையில் நீரும் உள்ள பிள்ளைகளிடம் இந்தக் கணக்கு மாறுகிறது. 1970களிலிருந்து பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் இந்தப் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் இரண்டு விஷயங்களைக் குறித்து வைத்தார்கள். இடது கையைப் பாவிப்பவர்கள் இவர்களிடம் வழக்கத்தை விடக் கூடுதல். எந்தக் கை என்று நிலைப்படாமல், சாப்பிட ஒன்று, எழுத ஒன்று, சில வேளை ஒரே வேலைக்கே இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாற்றிக்கொள்பவர்களும் கூடுதல்.

இதற்கு வேர் மூளையில் இருக்கிறது. வலது கையை ஆள்வது மூளையின் இடது பாதி. தேங்கும் நீர் மூளையின் உள்ளறைகளை ஊதிப் பெருக்கும்போது, அவற்றைச் சுற்றி ஓடும் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. இரண்டு பாதிகளையும் இணைக்கும் பாலம் போன்ற பகுதி இந்தப் பிள்ளைகளில் பலருக்கு முழுதாக வளர்ந்திருப்பதில்லை. பின்மூளையின் கீழ்ப்பகுதி கழுத்தை நோக்கி இறங்கி இருக்கும் கியாரி என்ற குறைபாடும் அநேகமாகக் கூடவே வருகிறது. விரல்களின் நுட்பத்தையும் வேகத்தையும் சீர்படுத்துவது அந்தப் பின்மூளைதான். இடது பாதியில் சின்ன வயதிலேயே இடைஞ்சல் வந்தால், வலது பாதி பொறுப்பை ஏற்று இடது கையை முன்னுக்கு அனுப்பலாம் என்ற விளக்கத்தை அமெரிக்க உளவியலாளர் போல் சாட்ஸ் 1970களின் தொடக்கத்தில் முன்வைத்தார். இடக்கைப் பிள்ளை எல்லோருக்கும் மூளையில் பழுது என்று இதற்கு யாரும் பொருள் கொள்ள வேண்டாம். உங்கள் வகுப்பில் உள்ள இடக்கைக்காரரில் மிகப் பலர் பிறவியிலேயே அப்படித்தான், நோய் நொடி எதுவும் கிடையாது. ஆனால் தேங்கும் நீரை வடிக்கத் தலையில் குழாய் வைத்த ஒரு பிள்ளை இடது கையை நீட்டினால், அதன் மூளை தனக்கு இயன்ற வழியைத் தானே தேடி எடுத்திருக்கக் கூடும். அந்தக் கையில் நீங்கள் அடித்தால், அடி விழுவது அந்த வழியின் மேல்.

மூளைக்கு அப்பால் இன்னொரு காரணமும் உண்டு. அதை எந்த ஸ்கேனும் காட்டாது, உங்கள் கண் காட்டும். இடுப்புக்குக் கீழ் பலம் குறைந்த பிள்ளை வாங்கில் உட்கார்ந்தால் உடம்பு சரியும். சரியாமல் இருக்க ஒரு கையை வாங்கில் ஊன்றிக்கொள்ளும். ஊன்றிய கை எழுத வராது. அந்தப் பிள்ளை இடது கையால் எழுதுகிறதா, அல்லது வலது கை உடம்பைத் தாங்குவதில் மாட்டிக்கொண்டதால் இடது கை எழுத வந்ததா? காலடியில் ஒரு பலகைப் பெட்டியை வைத்துப் பாதங்கள் பதியும்படி இருத்துங்கள், மேசையை முழங்கை உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு கையும் விடுபட்ட பிறகு பிள்ளை எதை நீட்டுகிறது என்று பாருங்கள். நரம்பியல் கிளினிக்கில் பத்து நிமிடத்தில் தெரியாத விஷயம் உங்கள் வகுப்பில் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

இனி உங்களிடம் உள்ள குறைகள். கசப்பாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, கையை மாற்றுவது. "பீச்சாங்கையில எழுதாத" என்று அதட்டும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அடி குறைந்திருக்கலாம், அதட்டல் குறையவில்லை. கோயிலில் திருநீறு வாங்கும்போதும், பிரசாதத்துக்குக் கை நீட்டும்போதும், கடையில் காசு கொடுக்கும்போதும் இதே கண்டிப்பு. நம் மொழியே இதில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஊனமுற்றோரை இந்த நாட்டின் தமிழ்ப் பத்திரிகைகளும் அலுவலகங்களும் நெடுங்காலம் 'வலது குறைந்தோர்' என்றே எழுதி வந்தன. வல்லமை என்றாலே வலம் என்று சொல்லில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதே மரபில் அம்மைக்கு உரிய பாகம் இடப்பாகம். மதுரை வெள்ளியம்பலத்தில் பாண்டியன் கேட்டுக்கொண்டதற்காக நடராசரே கால் மாறி ஆடினார். இரண்டு கையாலும் அம்பு எய்பவன் என்பதால்தான் அருச்சுனனுக்குச் சவ்யசாசி என்று பெயர். சாமிக்கும் வீரனுக்கும் உள்ள சலுகை தரம் 1 பிள்ளைக்கு ஏன் இல்லை?

கட்டாயப்படுத்திக் கை மாற்றியவர்களில் மிகப் பெரிய இடத்துப் பிள்ளையை உங்கள் பாட்டன்மார் அறிவார்கள். பழைய இலங்கை நாணயத்தாளில் முகம் இருந்த ஆறாம் ஜோர்ஜ் மன்னர் இடக்கைக்காரர். சின்ன வயதில் வலது கையால் எழுதப் பழக்கப்பட்டவர். கடைசி வரை திக்குவாயோடு போராடினார், அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் 1926இல் விம்பிள்டன் டென்னிஸ் ஆட வந்தபோது அவர் மட்டையைப் பிடித்தது இடது கையில்தான். அரண்மனை ஆசிரியர்கள் பேனாவை மாற்றினார்கள், கையை மாற்ற முடியவில்லை. சுகதேகியான ஒருவருக்கே அப்படி என்றால், விரல்களைச் சீர்படுத்தும் பின்மூளையே இறங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு இரண்டாவது கையைப் பழக்குவது எவ்வளவு பெரிய சுமை!

இரண்டாவது குறை, சோம்பேறிப் பட்டம். இந்தப் பிள்ளைகளில் பலர் நன்றாகப் பேசுவார்கள். பாட்டு, கதை, யார் வீட்டில் என்ன விசேஷம் எல்லாம் சொல்வார்கள். கொப்பியைத் திறந்தால் மூன்று வரிக்கு மேல் நகராது. "வாய் மட்டும் எட்டூருக்குக் கேக்குது, எழுதச் சொன்னா முடியல" என்ற வாக்கியம் ஆசிரியர் அறையில் பிறப்பது அப்போதுதான். பேச்சுத் திறன் முன்னே ஓட, கைத் திறனும் இட உணர்வும் பின்தங்குவது இந்த நிலையின் நன்கு அறியப்பட்ட இயல்பு. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவது இவர்களுக்கு இரட்டை வேலை. பலருக்கு மாறுகண்ணும் இருக்கும். 'ன' எழுதும்போது சுழி எத்தனை, 'ண' எழுதும்போது எத்தனை என்று விரல் தடுமாறும். கூட்டல் கணக்கில் பத்தின் இலக்கம் ஒன்றின் நிரலுக்குள் சறுக்கி விழும். விடை பிழைத்ததும் கணக்கு வரவில்லை என்று சிவப்பு மை ஓடும். சதுரக் கட்டம் போட்ட கொப்பி ஒன்றைக் கொடுத்து, கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதச் சொல்லிப் பாருங்கள்.

கைகள் சீக்கிரம் களைத்துப்போவதையும் மறந்துவிடாதீர்கள். நடக்கும் பிள்ளைக்குக் கால்கள் சுமக்கும் வேலையை இந்தப் பிள்ளைக்குக் கைகள் சுமக்கின்றன. ஊன்றுகோலை அழுத்துவதும், சக்கர நாற்காலி உருளும் இடம் வாய்த்தால் அதைத் தள்ளுவதும், லயத்துப் படிக்கட்டில் தாயின் முதுகில் தொற்றிக்கொள்வதும் அதே கைகள்தான். காலை ஏழரைக்கு உங்கள் வகுப்பை வந்தடையும்போதே அவை அரை நாள் வேலை முடித்திருக்கும்.

மூன்றாவது குறைதான் மிகப் பெரியது. கையை நீங்கள் திருத்துகிறீர்கள், ஆனால் கவனிப்பதில்லை.

தலையில் வைத்த குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். ஷண்ட் என்கிறார்கள். மூளையின் உள்ளறையில் தொடங்கி, காதுக்குப் பின்னால் ஒரு வால்வு வழியாக, கழுத்திலும் நெஞ்சிலும் தோலுக்கடியில் இறங்கி வயிற்றுக்குள் நீரை விடும் மெல்லிய குழாய். இதற்குச் சரியான வால்வு கிடைத்ததே ஒரு தகப்பனின் கதை. 1950களின் நடுவில் அமெரிக்காவின் பிலடெல்பியா பகுதியில் ஜோன் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழிலாளியின் மகன் இதே இரண்டு குறைகளோடும் பிறந்தான். அறுவைச் சிகிச்சை நிபுணர் யூஜின் ஸ்பிட்ஸ் சொன்ன சிக்கலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன தகப்பன், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வைத் தானே செய்துகொண்டு வந்தார். மகன் அதிக நாள் வாழவில்லை. ஸ்பிட்ஸ்-ஹோல்டர் என்று பெயர் பெற்ற அந்த வால்வு உலகெங்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வாழ வைத்தது.

ஆனால் குழாய் அடைபடும். பிள்ளை வளர வளரக் கட்டையாகும், சில வேளை கழன்றும் போகும். வைத்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பத்தில் நான்கு அளவுக்கு மறுபடியும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதாக வெளிநாட்டு அனுபவம் சொல்கிறது. திடீரென அடைத்தால் தலைவலி, வாந்தி, தூங்கி வழிதல் என்று யாருக்கும் தெரியும்படி வெளிப்படும். மெல்ல மெல்ல அடைத்தால் அது முதலில் தெரியக் கூடிய இடங்களில் ஒன்று பாடசாலைக் கொப்பி. நேராக நின்ற எழுத்து சாயத் தொடங்கும். போன மாதம் பொத்தான் போட்ட விரல் இந்த மாதம் தடுமாறும். எழுதிய கை பென்சிலைக் கீழே போடும், மற்றக் கை அதைப் பொறுக்கி எழுதப் பார்க்கும். தண்டுவடத்துக்குள் நீர் சேர்ந்தாலும் கையின் பிடி இப்படித்தான் தளரும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் இயல்பான கையை நீங்கள் ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தால், எழுத்துக் கெட்டுப்போனதும் என்ன சொல்வீர்கள்? "இன்னும் பழகல, பழகிரும்" என்பீர்கள். அல்லது முதலிலேயே எந்தக் கை என்று குறித்து வைக்கவில்லை என்றால், கை மாறியதே உங்களுக்குத் தெரியாது. மூளை தட்டிய கதவு யார் காதிலும் விழாமல் போகும். திருத்தாதீர்கள் என்று கேட்பதற்கு முதல் நியாயம் இரக்கம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கை ஒரு அளவுகோல். அளவுகோலை வளைத்துவிட்டால் எதைக் கொண்டு அளப்பது?

தாய் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட முடியாது. அவள் பிரட்டுக்குப் போகும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும், மலையிலிருந்து திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ கண்டிக்கோ போக வேண்டுமென்றால் விடியுமுன் கிளம்பி, றம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கி இறங்க வேண்டும். அன்றைக்கு ஒரு பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். நிச்சயமில்லாத ஒரு சந்தேகத்துக்காக அந்தப் பேரை இழக்க அவள் தயங்குவது இயல்பு. "டீச்சர் சொன்னாங்க, கொப்பியக் காட்டச் சொன்னாங்க" என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணத்தைக் கொடுங்கள். மாசியில் எழுதிய பக்கத்தையும் ஆனியில் எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டொக்டரிடம் நீட்டினால், அவள் வாயால் சொல்லத் தடுமாறுவதை அந்த இரண்டு தாளும் சொல்லிவிடும்.

பேசக் கூச்சப்படும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சிறுநீர் தானாகக் கழியாது. சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மெல்லிய குழாயை நுழைத்து வெளியேற்ற வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் பரவச் செய்த இந்த எளிய முறை எத்தனையோ பிள்ளைகளின் சிறுநீரகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆரம்ப வகுப்பு வயதிலேயே பல பிள்ளைகள் அதைத் தாமாகவே செய்யப் பழகிவிடுகிறார்கள். அதற்குத் தேவை, விரல் சொன்னபடி கேட்கும் கை. இடது கைதான் அப்படிப்பட்ட கை என்றால் அந்த வேலையையும் எழுத்தையும் சாப்பாட்டையும் அதே கைதான் செய்ய வேண்டும். "கழுவுற கையில சாப்பிடுறியா" என்று கேட்கும் முன்பு, கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா, சவர்க்காரம் இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். அசுத்தத்துக்கு மருந்து சவர்க்காரம், அதட்டல் மருந்தாகாது.

உங்கள் மாணவர்களின் தாய்மார் கொழுந்து பறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் மரத்தின் மேல் ஓடும். இடது கை நிறைந்தாலும் வலது கை நிறைந்தாலும் தோளுக்கு மேலால் கூடைக்குள் போகும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது எந்தக் கை பறித்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளையிடம் மட்டும் பள்ளிக்கூடம் ஒரு கையை மறைக்கச் சொல்வது விசித்திரம்.

நீங்கள் படும் பாடும் தெரியாமல் இல்லை. ஒரே அறையில் இரண்டு வகுப்பு, மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் குரல் கேட்காது, விசேட கல்விப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இல்லை. நுவரெலியாவில் மென்கபெப் போன்ற நிலையங்கள் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்காக இயங்குகின்றன. ஆனாலும் எல்லாத் தோட்டத்துப் பிள்ளையும் தினமும் அங்கே போய்வர முடியாது, போக வேண்டிய அவசியமும் பலருக்கு இல்லை. அவர்களுக்கு வேண்டியது உங்கள் வகுப்புத்தான். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காட்டிக் கல்வி நிலையத்தில் சேர்க்காமல் பாகுபடுத்த முடியாது. சேர்த்த பிறகு எந்தக் கையால் எழுதுவது என்ற சின்ன விஷயத்தைச் சட்டம் எழுதி வைக்கவில்லை. அதை உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான். பிள்ளை வந்த முதல் இரண்டு வாரம் பென்சில், கரண்டி, பந்து, சீப்பு நான்கையும் மேசையின் நடுவில் வையுங்கள், எந்தப் பக்கத்துக்கும் தள்ளி வைக்காமல். எந்தக் கை எத்தனை தடவை வருகிறது என்று கோடு போடுங்கள். கை மாறி மாறி வந்தால் அவசரப்படாமல் இன்னும் ஒரு மாதம் பாருங்கள், தாயிடமும் கேளுங்கள். இடது கை என்று தெரிந்தால் வாங்கின் இடது ஓரத்தில் இருத்துங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. கொப்பியை நெஞ்சுக்குச் சற்று இடப்புறமாக வைத்து, அதன் மேல் விளிம்பு வலப்பக்கம் சாயும்படி திருப்புங்கள். பென்சிலைக் கூரிலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் பிடிக்கச் சொல்லுங்கள், எழுதியது கண்ணுக்குத் தெரியும், மணிக்கட்டும் வளையாது. சாதாரணக் கத்தரிக்கோலின் மேல் அலகு இடது கைக்கு வெட்டும் கோட்டை மறைத்துவிடும் என்பதால், கோணலாக வெட்டியதற்குப் புள்ளி குறைக்காதீர்கள். பத்து வாக்கியத்துக்குப் பதில் நான்கு எழுதட்டும், மீதியை வாயால் சொல்லட்டும். பரீட்சை நெருங்கும்போது, கூடுதல் நேரத்துக்கும் எழுத உதவியாளருக்கும் விண்ணப்பிக்க வேண்டிய விபரத்தை அதிபர் வழியாக முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தலைவலியோடு வாந்தியும் தூக்கக் கலக்கமும் வந்தால் மணியடிக்கும் வரை காத்திருக்காதீர்கள். வீட்டுக்குத் தகவல் அனுப்பிவிட்டு 1990க்கு அழையுங்கள், தலையில் ஷண்ட் இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

அடுத்த தவணைக்கு மாணவர் விபரப் பதிவேட்டைத் திறக்கும்போது, பெயர், பிறந்த திகதி, தோட்டம், தாய் தகப்பன் பெயர் என்று கோடு போடுவீர்கள். அந்த வரிசையில் அடிமட்டத்தை வைத்து இன்னும் ஒரு நிரல் கூட்டுங்கள். தலைப்பு: 'எழுதும் கை'. வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் நிரப்புங்கள், யாரையும் தனியே பிரித்தது போலிருக்காது. ஷண்ட் உள்ள பிள்ளையின் பெயருக்கு நேரே தவணைக்கு ஒரு தடவை புதிதாகப் பார்த்துத் திகதியோடு எழுதுங்கள். இரண்டு தவணைக்கு நடுவில் அந்தப் பதில் மாறியிருந்தால், அன்று பள்ளி விடுவதற்கு முன் அந்தத் தாய்க்குச் சொல்லி அனுப்புங்கள்.